திரும்பி ஓடும் மீட்டர்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், கிழக்கு 11ஆம் தெருவில் 519ஆம் எண் கட்டடம். 1970களில் அந்த வட்டாரத்தில் உரிமையாளர்களே கைகழுவிவிட்டுப் போன அடுக்குமாடிகள் ஏராளம். பாழாகிக் கிடந்த இந்தக் கட்டடத்தைக் குடியிருக்க வந்தவர்களே தங்கள் உடலுழைப்பைப் போட்டுச் சீராக்கினார்கள். எண்ணெய் விலை ஏறி, கரண்ட் பில் கழுத்தை நெரித்த காலம் அது. 1976 நவம்பரில் மொட்டைமாடியில் ஒரு காற்றாலையை ஏற்றினார்கள். திறன் வெறும் 2 கிலோவாட், ஒரு ஏ.சி.யும் ஒரு கிரைண்டரும் ஓட்டினால் தீர்ந்துபோகிற அளவு. காற்று வலுத்து வீசும்போது வீட்டுத் தேவை குறைவாக இருந்தால், மிச்ச மின்சாரம் தெருவின் மின்தடத்துக்குள் போகும்படி இணைத்திருந்தார்கள். அப்போது மீட்டர் பின்னோக்கிச் சுற்றும்.

நகரத்துக்கு மின்சாரம் விற்ற கான் எடிசன் நிறுவனம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிறுவனத்தின் மொத்த உற்பத்திக்கு முன்னால் 2 கிலோவாட் கணக்கிலேயே வராது. ஆனாலும் விடவில்லை. குடியிருப்போர் பக்கம் ராம்சே கிளார்க் வந்து நின்றார்; முன்பு அமெரிக்க அரசின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். கடைசியில் மாநிலத்தின் பொதுச்சேவை ஆணையம், அந்த மின்சாரத்தை நிறுவனம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றது.

கான் எடிசனைத் திட்டுவது சுலபம். ஆனால் அதன் பயத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

நம் வீட்டுக் கம்பியில் வருவது மாறுதிசை மின்சாரம். அதன் அலை ஒரு நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. அமெரிக்காவில் 60 முறை. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் மின்தொகுப்பு வடக்கோடு இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை மின்தொகுப்பில் சேர்ந்த பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. இந்தத் தாளத்துக்குள் புதிதாக நுழையும் எந்தச் சிறிய கருவியும் மூன்று விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்: மின்னழுத்தம், அதிர்வெண், அலை ஏறி இறங்கும் கணம். அலை உச்சியில் இருக்கும்போது புதியவர் பள்ளத்தில் இருந்தால், இரண்டுக்கும் இடையில் பாயும் மின்னோட்டம் கருவியைப் பொசுக்கிவிடும். இன்று இந்த வேலையைச் செய்வது சோலார் பேனலோடு சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டர். கம்பியில் ஓடும் அலையை இடைவிடாமல் அளந்து, அதன்மேல் அச்சாகப் படிகிற மாதிரி தன் அலையை அது செதுக்குகிறது. 1976-இல் அத்தகைய கருவிகள் அபூர்வம்.

இன்னொரு பயம் உயிர் சம்பந்தப்பட்டது. பழுது பார்க்க லைன்மேன், துணை மின்நிலையத்திலிருந்து தெருவுக்கு வரும் கம்பியை, அதாவது ஃபீடரை, நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறார். துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வரவில்லை. ஆனால் தெருக்கோடி வீட்டின் மாடியிலிருந்து வந்துகொண்டிருந்தால்? இதனால்தான் கம்பியில் மின்சாரம் போன மறுகணமே இன்வெர்ட்டரும் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் விதி. ‘லட்சக்கணக்கில் செலவழித்துப் பேனல் போட்டேன், கரண்ட் போனால் என் வீட்டிலும் இருட்டுதான்’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பேட்டரி வைத்து, வீட்டைக் கம்பியிலிருந்து தனியே பிரிக்கும் ஏற்பாடும் செய்திருந்தால் ஒழிய, அந்த இருட்டு ஒரு லைன்மேனைக் காப்பதற்கானது.

இவை பொறியியல் சிக்கல்கள். பொறியாளர்கள் அவற்றைத் தீர்த்தும்விட்டார்கள். தீராத கேள்வி வேறு: திரும்பி ஓடும் அந்த ஒரு யூனிட்டுக்கு என்ன விலை?

1978-இல் ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதற்குமுன் தனியார் ஒருவர் மின்சாரம் தயாரித்தால், வாங்குவதும் வாங்காததும் அந்தப் பகுதி மின்நிறுவனத்தின் விருப்பம். வேறு யாருக்கும் விற்க வழியில்லை. வாங்குகிறவர் ஒருவரே என்றால் பேரம் என்ன நடக்கும்? புதிய சட்டம், தகுதியுள்ள சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியே ஆக வேண்டும் என்றது. விலைக்கும் ஒரு சூத்திரம் தந்தது: அந்த யூனிட்டை நிறுவனம் தானே தயாரித்திருந்தால் அல்லது வேறிடத்தில் வாங்கியிருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அது. அதாவது, வாங்குகிறவருக்கு மிச்சமாகும் செலவு. வாங்குகிறவருக்கு நட்டமில்லை, நுகர்வோருக்கும் கூடுதல் சுமையில்லை என்பதால் கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் விற்கிறவரின் கதைக்கு அதில் இடமே இல்லை.

அந்தக் குறை எப்படிப்பட்டது என்பதை இலங்கை மலையகத்தில் பார்க்கலாம். அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தங்கள் தொழிற்சாலைகளுக்கு ஓடைநீரில் சக்கரம் சுழற்றி விசை எடுத்தவை. தேசிய மின்தொகுப்பு மலையேறி வந்ததும், பொத்தானைத் தட்டினால் கரண்ட் என்றான பிறகு, இந்தச் சிறு நீர்ச்சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தன. தண்ணீர் அப்படியே இருந்தது. விழும் உயரமும் அப்படியே இருந்தது. 1990களின் நடுவில் இலங்கை மின்சார சபை ஒரு காரியம் செய்தது. 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நிலையங்களுக்கு ஒரே மாதிரியான கொள்முதல் ஒப்பந்தப் படிவம் ஒன்றை வகுத்தது. ஒப்பந்தக் காலம் 15 ஆண்டு, விதிகள் எல்லாருக்கும் ஒன்றே. 1996-இல் டிக் ஓயாவில் 1 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவான நிலையம் ஒன்று தொகுப்போடு இணைந்தது. பின்னால் வந்தவை ஏராளம். இன்று இலங்கையின் சிறு நீர்மின் நிலையங்களின் கூட்டுத் திறன் 400 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

படிவத்துக்கு இவ்வளவு வலிமையா என்று தோன்றலாம். பெரிய அனல்மின் நிலையம் கட்டுகிறவரிடம் வக்கீல்கள் கூட்டம் இருக்கும். ஒவ்வொரு வரியையும் மாதக்கணக்கில் பேசித் தீர்க்கும் செலவு அவருக்குக் கொசுறு. 500 கிலோவாட் போடுகிறவருக்கு அந்தச் செலவே முதலீட்டை விழுங்கிவிடும். எல்லாருக்கும் ஒரே படிவம் என்றால் வங்கி மேலாளரும் ஒருமுறை படித்துப் புரிந்துகொண்டால் போதும். அடுத்தவருக்குக் கடன் தர யோசிக்க மாட்டார். சிறு உற்பத்தியாளருக்கு அரசு செய்யக்கூடிய மலிவான உதவி இதுதான் என்பது என் கருத்து. மானியத்தைவிட இது மேல்.

ஆனால் இலங்கையிலும் விலையை ‘மிச்சமாகும் செலவு’ சூத்திரத்தில்தான் வைத்தார்கள். சிறு நிலையத்தின் ஒரு யூனிட் வருவதால் டீசல், உலை எண்ணெய் எவ்வளவு மிச்சமாகிறது என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு, மழைக்காலத்துக்கு ஒரு விலை, வறட்சிக் காலத்துக்கு ஒரு விலை. உலகச் சந்தையில் எண்ணெய் ஏறினால் ஓடைக்காரருக்கு யோகம். இறங்கினால் வட்டி கட்டவே திண்டாட்டம். ஓடைத் தண்ணீருக்கும் வளைகுடா எண்ணெய்க் கிணற்றுக்கும் என்ன உறவு? சூத்திரம் உண்டாக்கிய உறவுதான். 2000களின் பிற்பகுதியில் அந்நாடு தொழில்நுட்பவாரியாக, உற்பத்திச் செலவை வைத்து விலை நிர்ணயிக்கும் முறைக்கு மாறியது. (எல்லாம் நலமே என்றும் சொல்லிவிட முடியாது. தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை வறண்டு மீனும் ஊரும் தவித்த இடங்கள் அங்கே உண்டு. சிறியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.)

விற்கிறவரின் செலவிலிருந்து விலையைத் தொடங்கும் அந்த யோசனையை முழு வீச்சில் செய்து பார்த்த நாடு ஜெர்மனி. அதன் கதையில் சுவையான இடங்கள் பல.

1980களின் இறுதியில் பவேரியாவில் சிற்றாறுகளில் நீர்மின் நிலையம் வைத்திருந்தவர்களுக்கு ஒரே மனக்குறை. வட்டார மின்நிறுவனங்கள் கொடுத்ததுதான் விலை. அவர்கள் குறையைச் சுமந்தவர் மத்தியாஸ் எங்கல்ஸ்பெர்கர் என்ற எம்.பி. பழமைவாதக் கட்சியான சி.எஸ்.யூ.வைச் சேர்ந்தவர். அவரோடு கைகோத்தவர் பசுமைக் கட்சியின் வோல்ஃப்காங் டேனியல்ஸ். அந்தக் காலத்து ஜெர்மனியில் இந்த இரு கட்சிகளும் ஒரு மேடையில் நிற்பது நினைத்துப் பார்க்க முடியாதது. பசுமைக் கட்சியோடு சேர்ந்து மசோதா கொண்டுவர எங்கல்ஸ்பெர்கரின் தலைமை சம்மதிக்கவில்லை. பெயர் முக்கியமில்லை, காரியம் நடக்கட்டும் என்று டேனியல்ஸ் ஒதுங்கிக்கொண்டார். 1991 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் ஐந்தே பிரிவுகள். மின்நிறுவனங்கள் ஏன் தடுக்கவில்லை? அப்போதுதான் இரு ஜெர்மனிகளும் இணைந்திருந்தன. கிழக்கு ஜெர்மனியின் மின்துறையைப் பங்கு போடும் வேலையில் அவை மூழ்கியிருந்தன. ஏதோ நாலு நீர்ச்சக்கரக்காரர்களின் விவகாரம் என்று விட்டுவிட்டன.

சட்டம் சொன்னது: காற்று, சூரிய மின்சாரத்துக்கு, நுகர்வோர் சராசரியாகக் கொடுக்கும் விலையில் 90 சதவீதத்தை உற்பத்தியாளருக்குக் கொடு. வடகடல் ஓரத்து விவசாயிகளுக்கு இது போதுமானதாக இருந்தது. வயலுக்கு நடுவே காற்றாலைகள் முளைத்தன. 1990-இல் சில பத்து மெகாவாட்டாக இருந்த காற்றுத் திறன் 2000-க்குள் 6,000 மெகாவாட்டைத் தொட்டது. நீர்ச்சக்கரத்துக்காக எழுதிய சட்டத்தில் காற்று புகுந்து விளையாடிவிட்டது. சூரிய ஒளிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. கிடைத்த விலை யூனிட்டுக்கு 17 ஃபெனிக் அளவில் (ஜெர்மனியின் அன்றைய நாணயம் மார்க்; 100 ஃபெனிக் ஒரு மார்க்). பேனல் மின்சாரத்தின் செலவு 2 மார்க் அளவில், அதாவது பத்து மடங்குக்கும் மேல்.

ஆகன் நகரில் வோல்ஃப் ஃபான் ஃபாபெக் என்பவர் இருந்தார். முன்னாள் ராணுவ அதிகாரி, பொறியாளர். செர்னோபில் அணுஉலை வெடித்த 1986-இல், சூரிய ஆற்றலுக்காக ஒரு சங்கத்தை நண்பர்களோடு தொடங்கினார். அவர் வாதம் எளிமையானது. அனல்மின் நிலையம் கட்டினால் அதன் முழுச் செலவையும் கட்டணத்தில் ஏற்றி வசூலிக்க மின்நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. மாடியில் பேனல் போடுகிறவருக்கு மட்டும் அது ஏன் இல்லை? ஒரு யூனிட்டுக்கு 2 மார்க் கொடுங்கள். ஊரார் எல்லாருடைய கட்டணத்திலும் 1 சதவீதத்துக்கு மேற்படாமல் அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார். ஆண்டுக்கணக்கில் நகரசபையோடும் மின்நிறுவனத்தோடும் மல்லுக்கட்டி, 1990களின் நடுவில் ஆகனில் அதைச் சாதித்தார்கள். அதற்கு முன்பே ஹம்மெல்பர்க் என்ற சிற்றூரில் ஹான்ஸ்-யோசஃப் ஃபெல் என்ற கவுன்சிலர் அதே போன்ற ஏற்பாட்டைச் செய்திருந்தார். பின்னர் அவர் எம்.பி. ஆனார். ஹெர்மன் ஷேர் உள்ளிட்ட கூட்டாளிகளோடு அவர் வடித்த சட்டம் 2000 ஏப்ரல் 1-இல் நாடு முழுமைக்கும் வந்தது.

அதன் உயிர்நாடி மூன்று வாக்குறுதிகள். உன் மின்சாரத்துக்குக் கம்பியில் முதலிடம். இணைத்த நாளின் விலை 20 ஆண்டுக்கு மாறாது. அடுத்த ஆண்டு இணைபவருக்கு விலை குறையும். சூரிய மின்சாரத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம். தொடக்க விலை யூனிட்டுக்கு 99 ஃபெனிக். இந்த மூன்றாவது வாக்குறுதியில்தான் சூட்சுமம். விலை இறங்கிக்கொண்டே போகும் என்று தெரிந்ததால் பேனல் தயாரிப்பவர்கள் செலவைக் குறைத்தே தீர வேண்டியிருந்தது; வாங்குகிறவர்கள் தள்ளிப்போடாமல் இப்போதே வாங்கினார்கள். 2012-க்குள் 30,000 மெகாவாட்டுக்கும் மேல் பேனல்கள் ஏறிவிட்டன. அதைவிட வியப்பு, அந்தச் சமயத்தில் நாட்டின் புதுப்பிக்கத்தக்க மின்திறனில் கிட்டத்தட்ட பாதி தனி மனிதர்களிடமும் விவசாயிகளிடமும் இருந்தது. பேனல் விலை உலகமெங்கும் சரிந்ததற்குச் சீனத் தொழிற்சாலைகள் காரணம் என்போம். அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர்களில் முதன்மையானவர் பவேரியாவின் பால்பண்ணைக்காரர்.

கசப்பும் உண்டு. 20 ஆண்டு வாக்குறுதிக்கான பணம் எல்லாருடைய பில்லிலும் கூடுதல் கட்டணமாக ஏறியது. 2017-இல் அது யூனிட்டுக்கு 6.88 சென்ட். பெரிய ஆலைகளுக்குச் சலுகை. வாடகை வீட்டுக்காரருக்கு இல்லை. கூரை உள்ளவர் சம்பாதிக்க, கூரை இல்லாதவர் கட்டினார். 2022 ஜூலையில் அந்தக் கட்டணத்தை நீக்கி, அரசு கருவூலத்துக்கு மாற்றினார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். புதிய தொழில்நுட்பத்தை வளர்க்கும் செலவு வரிப்பணத்தில் போகலாம். ஏழையின் விளக்கு பில்லில் போகக் கூடாது.

சிறியவர்கள் பலராகும்போது பௌதிகமும் தன் கணக்கைக் கேட்கும். முதல் கணக்கு அழுத்தத்தில். ஃபீடரின் கடைசி வீட்டுக்காரர் கடைமடை விவசாயி மாதிரி. அவருக்கு வோல்டேஜ் எப்போதும் குறைவுதான். அந்தக் கடைமடையில் பத்துப் பேர் பேனல் போட்டதும் நிலைமை தலைகீழாகிறது. மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் அவர்கள் பக்கத்து மின்னழுத்தம் கம்பியைவிடச் சற்று உயர வேண்டும். வெயில் கொளுத்தும் நண்பகலில் அது வரம்பைத் தாண்ட, இன்வெர்ட்டர்கள் நின்றுவிடும். நல்ல விளைச்சல் நேரத்தில் பூஜ்ஜிய வருமானம். தடித்த கம்பி போடலாம். அல்லது மின்னழுத்தத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும்படி இன்வெர்ட்டரைப் பழக்கலாம்.

இரண்டாவது கணக்கு இன்னும் பெரியது. தேவையைவிட உற்பத்தி மிகுந்தால் தொகுப்பின் அதிர்வெண் 50-க்கு மேல் ஏறும். பேனல்கள் சொற்பமாக இருந்த காலத்தில் ஜெர்மனியில் ஒரு விதி எழுதினார்கள்: 50.2-ஐத் தொட்டால் இன்வெர்ட்டர் உடனே அணைய வேண்டும். பத்துப் பேனலுக்கு நல்ல விதி. பல்லாயிரம் மெகாவாட் ஆனபின்? அதிர்வெண் 50.2-ஐத் தொட்ட கணத்தில் அத்தனையும் ஒருசேர அணையும். ஐரோப்பியத் தொகுப்பு திடீர் இழப்பைத் தாங்க வைத்திருந்த உடனடிக் கையிருப்பு 3,000 மெகாவாட். அதைப்போலப் பல மடங்கு ஒரே நொடியில் மறைந்தால் கண்டமே இருளக்கூடும். 2012-இல் தனி ஆணை பிறப்பித்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் இன்வெர்ட்டர் அமைப்பை மாற்றினார்கள், ஒட்டுமொத்தமாக அணையாமல் படிப்படியாகக் குறையும்படி. சிறியவர் என்ற சலுகை ஓர் எண்ணிக்கை வரைதான். அதற்கு மேல் அவரும் மின்நிலையக்காரர்தான்.

இனி நம் பக்கம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமம். 2016-இல் அங்கே ஆறு விவசாயிகள் சூரிய பம்புசெட்டுகளை வைத்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். உதவியது கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம். சூரிய பம்பில் ஓர் ஆபத்து உண்டு: வெயில் இலவசம் என்பதால் பகலெல்லாம் இறைத்து நிலத்தடி நீரைக் காலி செய்துவிடலாம். துண்டியில் அதற்கு மாற்று, இறைக்காத மின்சாரத்தை விற்பது. மின்நிறுவனம் யூனிட்டுக்கு 4.63 ரூபாய் வீதம் 25 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. நீர் மேலாண்மை நிறுவனம் ஊக்கத்தொகையாக 2.50 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, ஒரே மீட்டர். மின்நிறுவனத்துக்கு அலைச்சல் குறைவு. மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இழந்த வருமானம் என்றானதும், விவசாயியே மோட்டாரை நிறுத்தப் பழகினார். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாகவும் கிணறுகள் வற்றியும் கிடக்கும் தமிழ்நாட்டில் இந்த யோசனைக்கு இன்னும் பெரிய இடம் உண்டு.

தமிழ்நாட்டில் முன்னுதாரணமே இல்லை என்பதும் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கி, தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

வீட்டு மாடிக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. இங்கே விலைக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் விசித்திரமானது. தயாரித்த யூனிட்டை உபயோகித்த யூனிட்டிலிருந்து கழிப்பதுதான் நம் வீட்டு மீட்டரின் முறை. அப்படியானால் ஒரு யூனிட்டின் விலை, அந்த வீடு எந்தப் படிநிலையில் கட்டணம் செலுத்துகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, மேல்படியில் மிச்சமாகும் ஒரு யூனிட் 11 ரூபாய்க்கு மேல் பெறும். 100 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு அது ஏற்கெனவே இலவசம். அதாவது மதிப்பு பூஜ்ஜியம். ஒரே வெயில், ஒரே பேனல், ஒரே யூனிட். நான்கு ஏ.சி. ஓடும் வீட்டுக்கு லாபம். ஓட்டு வீட்டுக்கு ஒன்றுமில்லை. சின்ன வீட்டுக்காரரும் விற்பனையாளர் ஆக வேண்டுமென்றால், தயாரிக்கும் முழு மின்சாரத்தையும் தனி மீட்டரில் அளந்து, எல்லாருக்கும் ஒரே நிலையான விலை தர வேண்டும். ஆகன் செய்தது அதைத்தான்.

பேனல் விற்க வருகிற முகவர் ‘பில் பூஜ்ஜியமாகும்’ என்பார். கையெழுத்துப் போடுமுன் அவரிடமும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்: மிஞ்சும் யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு, எந்த மாதத்தில் கணக்கு முடிப்பார்கள், உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருக்கிறதா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.